காது இருந்த கப்பல்

கப்பல் யார்டுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைகளே, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். வெல்டிங் ராடை எப்படிப் பிடிக்கணும், பிளேட்டை எப்படி வெட்டணும்னு என்கிட்ட கேக்காதீங்க. அதெல்லாம் உங்க ஃபோர்மேன் சொல்லித் தருவார், இல்லைன்னா திட்டித் தருவார். நான் ரிட்டையர் ஆயாச்சு. ரோலாவுல மக வீட்டுல உக்காந்து பேரனோட தமிழை நான் திருத்துறேன், என் இங்கிலீஷை அவன் திருத்துறான். அவன்தான் அதிகமாத் திருத்துறான்.

புஜைரா யார்டுல எத்தனையோ கப்பல் என் கையில ஏறி இறங்கியிருக்கு. அதுல ஒரே ஒரு கப்பலைப் பத்திப் பேசப்போறேன். இதைச் சொல்ல ஆரம்பிச்சா என்னால உக்காந்து சொல்ல முடியாது, எந்திரிச்சிருவேன், குரலும் ஏறிடும். "அப்பா, கீழ்வீட்டுல ஆள் இருக்கு"ன்னு மக உள்ளே இருந்து சொல்லுவா. இருக்கட்டும், அவங்களும் கேக்கட்டும்.

அந்தக் கப்பலை டக்னு சொல்ற இழுவைப் படகு போட்டு இழுத்துட்டு வந்து ஜெட்டியில, அதான் யார்டோட துறைமேடையில, கட்டினப்போ நாங்க எல்லாரும் மூக்கைப் பொத்தினோம். கடைசியா அது பாத்த வேலை ஆடு ஏத்துறது. பெருநாள் சமயத்துல சோமாலியாக் கரையில இருந்து வளைகுடாவுக்கு மந்தை மந்தையா ஆடு கொண்டாந்த கப்பல். ஆடு எல்லாம் பிரியாணி ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு, வாடை மட்டும் இறங்காம உள்ளயே குடியிருந்தது. எங்க வாயில அதுக்குப் பேரு ஆட்டுக்கப்பல். வாங்கினவர் பெரிய அரபி, நாங்க அர்பாப்னுதான் சொல்லுவோம். பழைய மாதிரியே அதைச் சரிபண்ணி, கரையோரம் நிறுத்தி, ஜனங்க வந்து சுத்திப் பாக்குற மாதிரி வைக்கணும்னு அவருக்கு ஆசை.

"ஆட்டு வாடை பிடிக்கவா டிக்கெட் எடுப்பாங்க?"ன்னு முருகேசன் கேட்டான்.

முருகேசன் எங்க கேங்ல ஃபிட்டர். புதுக்கோட்டைப் பக்கம். ஆள் கட்டை, எந்த இண்டு இடுக்கிலயும் நுழைஞ்சிருவான், நுழைஞ்ச பிறகு உள்ளே இருந்து பாட்டுப் பாடுவான். காதுல கேக்கமுடியாத பாட்டு. ஆனா இரும்புப் பெட்டிக்குள்ள ஒருத்தன் வேலை பாக்குறப்போ பாட்டுக் கேக்குதுன்னா ஆள் நல்லா இருக்கான்னு அர்த்தம், அதனால நான் நிறுத்தச் சொன்னதில்லை. இன்னொரு ஆள் கான் பாய், பெஷாவர்க்காரர். பம்பு, ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. நான் ஃபோர்மேன், குளச்சல்காரன். வாய் கொஞ்சம் நீளம், அது உங்களுக்கே இப்பத் தெரிஞ்சிருக்கும்.

அடுத்து சர்வேயர் சார். பேரைச் சொல்லவேண்டாம்னு அவரே கேட்டுக்கிட்டார். திருச்சிக்காரர், கராமாவுல குடியிருப்பு. கப்பலைச் சோதிச்சுப் பாத்து, எங்க தொடலாம், எங்க தொடக்கூடாதுன்னு சொல்றதுக்காக அர்பாப் வச்ச ஆள். நல்ல படிப்பாளி. ஒரே ஒரு கோளாறு, டீ குடிக்க உக்காந்தா எந்திரிக்கமாட்டார். அந்தக் கப்பலோட கதையை எடுத்தார்னா டீ ஆறிப் போகும், எங்களுக்கு பிரேக் முடிஞ்சு போகும்.

"சகாயம், இதை ஆட்டுக்கப்பல்னு சொல்லாதீங்க. உலக யுத்தத்துல நீர்மூழ்கியை வேட்டையாடின கப்பல் இது."

"இதுவா சார்? இது ஆட்டையே ஒழுங்கா ஏத்தியிருக்காதே."

அவர் கோவிக்கவே மாட்டார். அது இன்னும் கடுப்பா இருக்கும். யுத்த நேரத்துல பெரிய கப்பல் கட்ட நேரம் இல்லாம, மீன்பிடிக் கப்பல் கட்டுற இடத்துல அவசர அவசரமா இந்த மாதிரி சின்னக் கப்பல்களைக் கட்டினாங்களாம். சரக்குக் கப்பல் கூட்டமாப் போறப்போ இதுங்க ஓரமாக் காவல் போகும். முன்னாடி ஒரு சின்ன பீரங்கி. பின்னாடி பீப்பாய் மாதிரி குண்டு, அதைத் தண்ணியில உருட்டி விட்டா ஆழத்துல போய் வெடிக்கும். ஆனா இதோட பெரிய ஆயுதம் அது ரெண்டும் இல்லையாம்.

"இதுக்குக் காது இருந்தது, சகாயம். கப்பலோட அடியில ஒரு ஓட்டை. அது வழியா ஒரு கருவியைத் தண்ணிக்குள்ள இறக்குவாங்க. மேல ஒரு சின்ன அறை, அதுல ஒருத்தன் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்து கேப்பான். சந்தேகம் வந்தா இன்ஜினை நிறுத்திருவாங்க. சமையல்காரன் தட்டுகூட வைக்கக்கூடாது. ஏன்னா தன் சத்தத்துல தனக்கே ஒண்ணும் கேக்காது. ஆனா நினைச்சுப் பாருங்க, நின்ன கப்பலைத்தான் எதிரிக்கு அடிக்கச் சுலபம். ஓடிட்டே இருந்தா தப்பிக்கலாம், ஆனா செவிடு. நின்னா கேக்கும், ஆனா உயிரு கையில. அந்த கேப்டனுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"டீ ஆறிடுச்சு சார்"ன்னு சொல்லிட்டு நான் எந்திரிச்சேன்.

யுத்தம் முடிஞ்சதும் அந்தக் கருவியைக் கழட்டி, ஓட்டைக்கு மேல பிளேட்டைப் போட்டு மூடிட்டு வித்துட்டாங்களாம். அப்புறம் மீன் ஏத்தினது, உப்பு ஏத்தினது, நம்ம பக்கம் வந்து ஆடு ஏத்தினது. கை மாறுன ஒவ்வொரு தடவையும் பேரும் மாறுனது. கப்பல் மூக்குல பெயிண்டைச் சுரண்டித் தடவுனா, ஒரு பேருக்கு அடியில இன்னொரு பேர் தட்டுப்படும். நானே தடவிப் பாத்திருக்கேன். சும்மா சொல்லக்கூடாது, அப்ப கொஞ்சம் பிடிச்சிருந்தது.

இனி கவனமாக் கேளுங்க. பழைய கப்பல்ல அங்கங்க சின்னதா சிமெண்ட் பெட்டி கட்டியிருப்பாங்க, பாத்திருப்பீங்க. அதுக்கு அடியில ஒழுகுதுன்னு அர்த்தம். கப்பலை டாக்ல ஏத்தித் தண்ணிக்கு வெளியே நிறுத்துற வரைக்கும் அதை யாரும் தொடமாட்டோம். இது நம்ம தொழில்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா இந்தக் கப்பல்ல சிமெண்ட் பெட்டி இல்லை, முன்பக்க ஹோல்டு, அதான் சரக்கு ஏத்துற அறை, அது முழுக்கத் தரை மாதிரி சிமெண்ட் பூசியிருந்தது. ஆட்டுக்கப்பல்ல அது சகஜம். சாணியை ஹோஸ் அடிச்சுக் கழுவணுமே, அதுக்குத்தான் பூசுவாங்க. வளைகுடாவுல வேலை பாத்த எவனைக் கேட்டாலும் யோசிக்காமச் சொல்லுவான். நாங்களும் அதையேதான் சொன்னோம். பழைய இரும்பு தெரியணும்னு அர்பாப் ஆசைப்பட்டார், உடைச்சு எடுக்க ஆரம்பிச்சோம். ஹோல்டு தரை முடிஞ்சது. அதுல ஒரு மேன்ஹோல், அதுக்குக் கீழே ஒரு சின்ன அறை. அங்கயும் சிமெண்ட்.

ஆடு மேன்ஹோல் வழியா இறங்குமா? அந்தக் கேள்வி எங்க யாருக்கும் வரலை. ஆட்டுக்கப்பல், ஆட்டுச் சிமெண்ட், அவ்வளவுதான். கப்பலோட கடைசி வேலை மட்டும் எங்க கண்ணுல இருந்தது.

அன்னிக்கு சர்வேயர் சார் வேற கப்பல் பாக்க அபுதாபி போயிருந்தார், நாங்க கீழ் அறையில கை வச்சது அவருக்குத் தெரியாது. மதியச் சாப்பாடு முடிஞ்ச நேரம், டெக்குல கால் வைக்க முடியாத வெயில். முருகேசனும் இன்னொரு ஆளும் அந்தச் சின்ன அறையில பிரேக்கர் வச்சு உடைச்சிட்டிருந்தாங்க. நான் ஹோல்டுல நிக்கிறேன். பாட்டு கேக்குது. திடீர்னு பாட்டு நின்னது. அடுத்தாப்ல ஒரு சத்தம், பெரிய குழாய் உடைஞ்ச மாதிரி. கூட இருந்த ஆள் மேன்ஹோல் வழியாப் பாய்ஞ்சு வெளியே வந்து விழுந்தான். "பானி, பானி"ங்கிறான். அவனுக்குப் பின்னாலயே உள்ளே இரும்பு சரியுற சத்தம்.

குனிஞ்சு டார்ச் அடிச்சேன். சிமெண்ட் பாளத்தோட சேர்ந்து அடியில இருந்த பிளேட்டும் பிய்ஞ்சு போயிருக்கு. கடல் உள்ளே பொங்குது. பழைய அறையோட இரும்புச் சட்டம் ஒண்ணு சரிஞ்சு மேன்ஹோல் வாய்க்கு உள்பக்கமாக் குறுக்கே விழுந்து கிடக்கு. அதோட மறுமுனை முருகேசன் தொடை மேல. என் கை உள்ளே போச்சு, தோள் போகலை. அவன் விரல் என் விரல்ல பட்டது. "அண்ணே, கால் வரமாட்டேங்குதுண்ணே." அவ்வளவுதான் சொன்னான். தண்ணி அப்பவே முட்டிக்கு மேல.

கேஸ் வச்சு அறுக்கலாமா? பழைய எண்ணெய் தண்ணியில மிதக்குது, தீப்பிடிச்சா கலாஸ். ஜாக்கி வச்சுத் தூக்கலாமா? தூக்கலாம், ஆனா தண்ணி ஏறுற வேகத்துக்கு நேரம் காணாது. கான் பாய் ஓடிவந்து டீசல் பம்போட ஹோஸை அந்த இடைவெளியில சொருகி ஓடவிட்டார். பம்பு ஒரு பக்கம் அலறுது, ஜெனரேட்டர் ஒரு பக்கம் அலறுது, இரும்புக்குள்ள ரெண்டும் சேர்ந்து மண்டையைப் பொளக்குது. தண்ணி ஏறுற வேகம் குறைஞ்சது. ஆனா நிக்கலை.

யார்டு மேனேஜர் வந்துட்டார். என் காதுல வாயை வச்சுச் சொன்னார். "சகாயம், இந்த அறை நிறைஞ்சு ஹோல்டுக்கு வந்தா கப்பல் மூக்குல குத்திட்டு ஜெட்டியிலயே கவுந்திரும். கயிறு அறும், மேல இருக்கிறவங்களும் போவாங்க. மேன்ஹோல் மூடியைப் போட்டு இறுக்கினா கப்பல் நிக்கும்."

"உள்ள ஆள் இருக்கு சார்."

அவர் என்னைப் பாத்தார். கெட்ட மனுஷன் இல்லை, அவர் முகம் வெளுத்திருந்தது. "தண்ணி மேன்ஹோல் விளிம்புக்கு வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லலை. அதுக்கு மேல நான் மூடச் சொல்லியாகணும்"ன்னார். அவர் இடத்துல நான் இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மேல ஓடி சர்வேயர் சாருக்குப் போன் போட்டேன். நான் பாதி சொல்றதுக்குள்ள அவருக்குப் புரிஞ்சு போச்சு. "முன்பக்கம், மேன்ஹோலுக்குக் கீழ சின்ன அறையா? ஐயோ சகாயம், அது காது. ஓட்டையை மூடின பிளேட்டு அது. வட்டமான ஓட்டை, அடியில நடுவா ஓடுற கீலுக்கு இடப்பக்கம், ஒட்டினாப்ல. கப்பல் ஓட்டுற பிரிட்ஜுக்கு நேர் கீழ இல்லை, அதுக்கும் கொஞ்சம் முன்னால. சுத்தி அடிப்பக்கம் வழவழன்னு இருக்கும். உள்ளே இருந்து அடைக்க முடியாது. வெளியே இருந்து அடைங்க."

வெளியே இருந்துன்னதும் எனக்கு வழி தெரிஞ்சு போச்சு. டக்ல வேலை பாத்த காலத்துல ஒரு தடவை செஞ்சது. கான்வாஸைக் கப்பலுக்கு அடியில கயிறு கட்டி இழுத்து, ஓட்டைக்கு நேராக் கொண்டுபோனா, உள்ளே பாயுற தண்ணியே அதை உறிஞ்சிப் பிடிச்சுக்கும். ஆனா ஓட்டை எங்க இருக்குன்னு தெரியணும். இப்ப ஏறக்குறைய தெரியுது.

யல்லான்னு ஒரு கத்து கத்தினேன். ஆளுங்க படுக்கிற ரெஸ்ட் ரூம்ல இருந்து ரெண்டு மெத்தை வந்தது. லாரித் தார்ப்பாய்ல வச்சுச் சுருட்டிக் கட்டி, அமுங்குறதுக்குச் சங்கிலியைக் கோத்து, நாலு மூலையிலயும் கயிறு போட்டோம். மூக்குப் பக்கமா இறக்கி, பாதிப்பேர் டெக்கோட கடல் பக்கம், பாதிப்பேர் ஜெட்டிப் பக்கம், கயிறைப் பிடிச்சுட்டுப் பின்னால நடந்தோம். எந்த நாடு, எந்த பாஷைன்னு இல்லை, சமையல்காரர்ல இருந்து செக்யூரிட்டி வரைக்கும் கயித்துல கை வச்சாங்க. ஜெட்டிப் பக்கம், கப்பல் உரசாம இருக்கத் தொங்கவிட்ட ஃபெண்டர் டயர்ல கயிறு போய்ச் சிக்குச்சு. ஒருத்தன் குப்புறப் படுத்து டயர் சங்கிலியையே அவுத்து விட்டான். டயர் தண்ணியில விழுந்தது, கயிறு விட்டது. எனக்கு அவனைத் தூக்கிக் கொஞ்சலாம் போல இருந்தது.

மெத்தை இப்ப அடியில ஏதோ ஒரு இடத்துல இருக்கு. ஓட்டைக்கு முன்னாலயா, பின்னாலயா, தாண்டிப் போயிடுச்சான்னு கண்ணால பாக்க வழியில்லை. சொல்லக்கூடிய ஆள் ஒருத்தன்தான், தண்ணி எந்த வேகத்துல வருதுன்னு உடம்புல உணர்றவன். அவன் உள்ளே இருக்கான். நான் ஹோல்டுக்கு இறங்கி மேன்ஹோல்ல வாயை வச்சு முருகேசான்னு தொண்டை கிழியக் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேக்கலை. மேல கயித்துக்காரங்களுக்கு நான் சொல்றதும் கேக்கலை. தண்ணி இருட்டுல கறுப்பாத் தெரியுது. அவன் முகம் தெரியலை.

அப்பத்தான் அந்த ஆறிப்போன டீ ஞாபகம் வந்தது. ஓடிட்டே இருந்தா செவிடு.

"கான் பாய், பம்பை நிறுத்துங்க"ன்னு சைகை காட்டினேன். அவருக்குப் புரியலை. ரெண்டு கையையும் குறுக்கே வெட்டிக் காட்டினேன். ஜெனரேட்டரையும். அவர் கண்ணு பெருசாச்சு, முடியாது, மாஃபி மாஃபின்னு தலையை ஆட்டினார். மேனேஜர் என் சட்டையைப் பிடிச்சுட்டார். "நிறுத்தினா அவன் செத்தான். அது உன் தலையில, சகாயம்." ஆமா, என் தலையிலதான். வேற யார் தலையில விழும்? பம்பு ஓடினா அவன் மெதுவாச் சாவான், நிறுத்தினா ஒண்ணு பிழைப்பான், இல்லைன்னா சீக்கிரம் சாவான். யோசிக்க நேரம் இருந்திருந்தா எனக்குத் தைரியம் வந்திருக்காது. நானே போய் பம்பு லீவரை இழுத்தேன், ஜெனரேட்டரையும் அணைச்சேன்.

மக்கா, அந்த அமைதி. எத்தனை வருஷம் கப்பல்ல இருந்திருக்கேன், ஒரு கப்பல் அப்படி அமைதியா இருந்து நான் கேட்டதில்லை. தண்ணி கொப்புளிக்கிற சத்தம் மட்டும். மேல யாரோ வேதம் ஓதுறது மெல்லக் கேக்குது.

"முருகேசா, எடே, கேக்குதா? அடியில மெத்தை வருது. தண்ணி குறைஞ்சாத் தட்டு."

ஒண்ணும் இல்லை. தண்ணிச் சத்தம்தான். மேல பாத்துக் கத்தினேன். "கயிறைப் பின்னால விடுங்கடே. ஜெட்டிப் பக்கம் ஏண்டே தூங்குற, ஒங்க அப்பன் வீட்டுக் கயிறா, இழு." வாயில வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்க சொல்ல முடியாது. மெத்தை நகருது. தண்ணி மேன்ஹோலுக்கு ஒரு சாண் கீழே நிக்குது. மேனேஜர் மூடியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறார்.

டங்.

ஒரே ஒரு தட்டு. "மெதுவா"ன்னேன். இன்னும் கொஞ்சம். டங், டங். இன்னும் கொஞ்சம் பின்னால. அப்புறம் டங் டங் டங் டங்னு கோயில் மணி மாதிரி நிறுத்தாம அடிக்கிறான். தண்ணியோட கொந்தளிப்பு சட்டுனு அடங்குச்சு, யாரோ வாயைப் பொத்தின மாதிரி. "கட்டு, கயிறைக் கட்டு, அசைக்காதே"ன்னு கத்தினேன். கான் பாய் நான் சொல்றதுக்கு முன்னாலயே பம்பு லீவர்ல கை வச்சாச்சு. இந்தத் தடவை பம்பு ஜெயிச்சது. தண்ணி கண் முன்னால இறங்குது. அவன் கழுத்து தெரிஞ்சது, நெஞ்சு தெரிஞ்சது. மேனேஜர் அந்த மூடியைக் கீழே போட்டுட்டு அதுமேலயே உக்காந்துட்டார்.

ஜாக்கியை வச்சுச் சட்டத்தைத் தூக்கி அவனை வெளியே எடுத்தோம். தொடை எலும்பு உடைஞ்சிருந்தது. பரவாயில்லை, எலும்பு கூடும். சாயங்காலம் சர்வேயர் சார் ஆஸ்பத்திரிக்கே வந்துட்டார். வந்ததும் நான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "சார், அந்தக் கப்பல் கதையை முதல்ல இருந்து சொல்லுங்க"ன்னேன். சொன்னார். டீ ஆறுற வரைக்கும் இருந்து கேட்டேன்.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஒரு கப்பல்ல கை வைக்கிறதுக்கு முன்னால, நீ இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்த, அதுக்கும் முன்னாடி என்ன பாத்தன்னு அதோட முதல் நாள் வரைக்கும் விசாரிங்க. அதைத் தெரிஞ்ச ஆள் அறுவையாப் பேசினாலும் உக்காந்து கேளுங்க.

பம்பை நிறுத்தினது சரியான்னு இப்பவும் சிலர் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. அவங்களுக்கு முருகேசன் சொன்னதைத்தான் சொல்லுவேன். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னால, ஜெட்டியில, ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு முருகேசன் கேட்டான். "பம்பை யாருண்ணே நிறுத்தினது?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான்தான் மக்கான்னேன். திட்டப்போறான்னு நினைச்சேன். அவன் என் கையைப் பிடிச்சான்.

"அதுவரைக்கும் வெறும் மிஷின் சத்தம்தாண்ணே. பம்பைப் போட்டு விட்டுட்டு நீங்க எல்லாம் இறங்கிப் போயிட்டீங்கன்னு நினைச்சேன். என் புள்ளை பேரைச் சொல்லிக்கிட்டுக் கண்ணை மூடிட்டேன். சத்தம் நின்னதும் நீங்க மேல யாரையோ அசிங்க அசிங்கமாத் திட்டுறது கேட்டுச்சு. அண்ணன் இங்கதான் இருக்காருன்னு தெரிஞ்சுது. அப்புறம்தாண்ணே தண்ணிக்குள்ள துழாவிச் சுத்தியலைத் தேடினேன்."